கிலோமீட்டரைத் தொள்ளாயிரத்தால் வகுக்காதீர்கள்

டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ எவ்வளவு தூரம் என்று தேடினால் சுமார் 12,400 கி.மீ. என்று வரும். விமானம் மணிக்கு 900 கி.மீ. போகும். வகுத்துவிட்டு, "பதின்மூன்றே முக்கால் மணி நேரம்தானே? டிக்கெட்டில் ஏன் பதினாறு?" என்று பயணிகள் சண்டைக்கு வருகிறார்கள். இந்தக் கணக்கை நம்பி அடுத்த விமானத்தைத் தனியாகப் போட்டு, அது கிளம்பிய பிறகு போய் நிற்பவர்கள் எத்தனை பேர்! போதும்.

அந்த 12,400, உலக உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்து அளந்த தூரம். எந்த விமானமும் அந்த நூலின் மேலேயே போவதில்லை. 900 என்பதும் சுற்றியிருக்கும் காற்றை ஒட்டிய வேகம், தரையை ஒட்டியது அல்ல. பத்துப் பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே பாய்கிறது. குளிர்காலத்தில் அது 200 கி.மீ. வேகத்தையும் தாண்டும். 150 கி.மீ. எதிர்க்காற்று இருந்தால் தரைமேல் உங்கள் வேகம் 750தான். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 1,050. (பூமி சுழல்வதால் மேற்கே போவது சீக்கிரம் என்பவர்களுக்கு: காற்றும் பூமியோடு சேர்ந்துதான் சுழல்கிறது.)

நம்ப முடியாவிட்டால் இதைப் பாருங்கள். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா இதே தடத்தில் அட்லாண்டிக்கை விட்டுவிட்டு, கிழக்கே பசிபிக் வழியாகப் பறந்தது. 15,300 கி.மீ. பழைய வழியைவிட 1,400 கி.மீ. அதிகம். ஆனால் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் மிச்சம்.

வழி அடைபடுவதும் உண்டு. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும், வட அமெரிக்கா போகும் சில விமானங்கள் எரிபொருளுக்காக வியன்னாவில் இறங்கிப் போக வேண்டியதாயிற்று.

கடிகாரத்தைக் கழித்துப் பார்க்கும் கூட்டம் வேறு. ஜனவரியில் டெல்லியில் விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பி, அதே தேதி காலை 6.30க்கு சான் பிரான்சிஸ்கோவில் இறங்கினால் இரண்டரை மணி நேரம் ஆகாது ஐயா, பதினாறு. நேர வித்தியாசம் பதின்மூன்றரை மணி, கோடையில் பன்னிரண்டரை. டிக்கெட்டில் மொத்தப் பயண நேரம் என்று அச்சிட்டிருப்பதை மட்டும் பாருங்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் அதில் அடக்கம்.

சென்னையிலிருந்து டெல்லி வழியாகப் போவதென்றால், முழுப் பயணத்தையும் ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில் போடுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானதற்கு அடுத்த நிறுவனம் பொறுப்பேற்காது. பெட்டியையும் டெல்லியில் நீங்களே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். ஆறு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். டிசம்பர், ஜனவரி மூடுபனியில் முதல் நாளே டெல்லி போய்விடுங்கள். அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே இமிக்ரேஷன். பெட்டியையும் பொதுவாக அங்கேதான் எடுத்துத் திரும்பப் போட வேண்டும். அங்கே மூன்று மணி நேரத்துக்குக் குறைவாகக் கனெக்‌ஷன் கேட்காதீர்கள்.

பெற்றோரை அனுப்பும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அம்மா, அப்பா இன்சுலின் போடுபவர்கள் என்றால், மொத்தப் பயண நேரத்தையும் நேர வித்தியாசத்தையும் ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் காட்டி, எந்த மணிக்கு எந்த டோஸ் என்று கேட்டு வாங்குங்கள். இன்சுலின் கைப்பையிலேயே இருக்கட்டும். சரக்கறைக் குளிரில் உறைந்துவிட்டால் பிறகு அதைப் பயன்படுத்தக் கூடாது.