குதிரைசக்தி கடைசியில் வரட்டும்

1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் மாஸ்டா நிறுவனம் எம்எக்ஸ்-5 என்ற சிறிய திறந்த காரை அறிமுகம் செய்தது. அமெரிக்காவில் அதற்கு மியாட்டா என்று பெயர். 1.6 லிட்டர் இன்ஜின், சுமார் 115 குதிரைசக்தி, ஒரு டன்னுக்கும் குறைவான எடை. நேர்ச்சாலையில் சாதாரண வேகம்தான். ஆனாலும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஜப்பானிலும் வீட்டு கேரேஜில் தாங்களே கார் கட்டுகிறவர்கள் இன்றும் இந்த முதல் தலைமுறை வண்டியைத் தேடிப் பிடிக்கிறார்கள். இன்ஜின் முன் அச்சுக்குச் சற்றுப் பின்னால் அமர்ந்திருக்கிறது. எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதி. நான்கு சக்கரத்துக்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு கைகள் பிடித்திருக்கும் அமைப்பு. வளைவில் நன்றாகத் திரும்பும் காரைக் கட்ட இதைவிட நல்ல அடித்தளம் குறைந்த விலையில் கிடைப்பது கடினம்.

பழைய வண்டி கைக்கு வந்ததும் பலருக்கு முதலில் தோன்றுவது, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளிக் குதிரைசக்தியை ஏற்றும் டர்போ. அதைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம் என்பது என் உறுதியான கருத்து. வளைவில் ஒரு காரின் வேகத்துக்கு எல்லை போடுவது டயர்தான். ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் இடம் ஓர் உள்ளங்கை அளவு. திரும்புவது, நிறுத்துவது, முடுக்குவது எல்லாம் அந்த நான்கு துண்டு ரப்பர் வழியாகத்தான் நடந்தாக வேண்டும்.

அந்த ரப்பருக்கு ஒரு குணம் உண்டு. மேலே எடை கூடினால் பிடிப்பும் கூடும், ஆனால் அதே விகிதத்தில் கூடாது. ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். 250 கிலோ சுமையில் ஒரு டயர் பக்கவாட்டில் 250 கிலோ விசை தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 380 கிலோ ஏற்றினால் அது 360தான் தரும். சுமை 120 ஆகக் குறைந்தால் 126 தரும். ஆக, ஓர் அச்சின் இரண்டு டயரும் 250 கிலோ வீதம் சமமாகச் சுமந்தால் மொத்தப் பிடிப்பு 500. 380, 120 என்று பிரிந்தால் 486. அச்சின் மேல் உள்ள மொத்தச் சுமை மாறவில்லை, பிடிப்பு மட்டும் குறைந்துவிட்டது.

வளைவில் இப்படித்தான் சுமை பிரிகிறது. வண்டி திரும்பும்போது எடை வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு நகரும். எவ்வளவு என்பது எளிய பெருக்கல்: வண்டியின் எடை, பக்கவாட்டு முடுக்கம், ஈர்ப்பு மையத்தின் உயரம் மூன்றையும் பெருக்கி, இடது வலது சக்கரங்களின் இடைவெளியால் வகுக்க வேண்டும். 1000 கிலோ வண்டி, 45 சென்டிமீட்டர் உயரம், 1.4 மீட்டர் இடைவெளி, புவியீர்ப்பில் 0.8 பங்கு முடுக்கம் என்றால் சுமார் 257 கிலோ இடம் மாறுகிறது.

அந்தச் சூத்திரத்தில் ஸ்பிரிங் எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கடினமான ஸ்பிரிங் போட்டால் வண்டி சாயாது, அதனால் எடையும் நகராது என்று பலர் நம்புகிறார்கள். சாய்வு குறையும் என்பது சரி. நகரும் மொத்த எடை கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். அதைக் குறைக்க வேண்டுமானால் வண்டியின் எடையைக் குறைக்க வேண்டும், அல்லது உயரத்தைத் தாழ்த்த வேண்டும், அல்லது சக்கர இடைவெளியை அகலமாக்க வேண்டும்.

அப்படியானால் ஸ்பிரிங்கும், இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைத் தடுக்கும் கம்பியான ஆன்டி-ரோல் பாரும் எதற்கு? நகரும் எடையில் முன் அச்சுக்கு எவ்வளவு, பின் அச்சுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பது அவைதான். எந்தப் பக்கத்தைக் கடினமாக்குகிறோமோ அந்த அச்சு அதிகப் பங்கை வாங்கிக்கொண்டு பிடிப்பை இழக்கும். முன்பக்கம் மிகக் கடினமானால் ஸ்டீயரிங்கைத் திருப்பியும் மூக்கு வெளியே ஓடும். பின்பக்கம் மிகக் கடினமானால் வால் சுழன்று வரும். ஆன்டி-ரோல் பாரின் முறுக்கு விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுவதால், 19 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 22 மில்லிமீட்டர் போட்டாலே விறைப்பு ஏறத்தாழ 1.8 மடங்காகிவிடும். மூன்று மில்லிமீட்டர்தானே என்று இரண்டு முனைகளிலும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் எது என்ன செய்தது என்று தெரியாது. ஒரு முனையை மாற்றி, ஓட்டிப் பார்த்து, அப்புறம் அடுத்தது.

ஆனால் இந்த நுணுக்கங்களுக்கு முன்னால் செய்ய வேண்டியது சஸ்பென்ஷன் கைகளின் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்களை மாற்றுவது. முப்பது வருட ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். அது தளர்ந்தால் சக்கரத்தின் கோணம் ஒவ்வொரு குழியிலும் தன் இஷ்டத்துக்கு மாறும், எந்த அளவீடும் நிலைக்காது. புதிய புஷ் போடும்போது சஸ்பென்ஷன் கைகளின் போல்ட்டை வண்டி தூக்கியிருக்கையில் இறுக்கிவிடக் கூடாது. இந்த ரப்பர் சுழல்வதில்லை, முறுக்கிக்கொள்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். வண்டியின் எடை சக்கரத்தில் அமர்ந்த பிறகுதான் கடைசி இறுக்கு. அடியில் வேலை செய்யும்போது ஜாக்கியை மட்டும் நம்பவே கூடாது. உறுதியான ஸ்டாண்டுகள் கட்டாயம்.

அடுத்தது வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது. இதற்கு விலையுயர்ந்த கருவி இல்லாமலே ஆச்சரியப்படத்தக்க துல்லியம் கிடைக்கும். வண்டியின் இருபுறமும், அதன் நடுக்கோட்டுக்கு இணையாக, சக்கர மையத்தின் உயரத்தில் ஒரு நூலை இழுத்துக் கட்ட வேண்டும். ரிம்மின் முன் விளிம்புக்கும் நூலுக்கும், பின் விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள தூரத்தை இரும்பு ஸ்கேலால் அளக்கலாம். 14 அங்குலச் சக்கரத்தில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் கோணத்தில் சுமார் 0.15 டிகிரி. வண்டி சாயும்போது வெளிப்பக்க டயர் விளிம்பில் நிற்காமல் இருக்க, சக்கரத்தின் மேல்பகுதியை முன்கூட்டியே சற்று உள்ளே சாய்த்து வைக்கிறார்கள். இதுதான் நெகட்டிவ் கேம்பர். எம்எக்ஸ்-5இல் கீழ்க்கைகளின் மையம் விலகிய போல்ட்டுகளைத் திருப்பியே இதை அமைக்க முடியும்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியே எடை பார்ப்பது. ஒரே மட்டத்தில் வைத்த நான்கு தராசுகளில் வண்டியை ஏற்றி, ஆன்டி-ரோல் பாரின் ஒரு முனையைக் கழற்றிவிட்டு, ஓட்டுநரின் இருக்கையில் அவர் எடைக்குச் சமமான மூட்டையை வைக்க வேண்டும். முன் இடது, பின் வலது இரண்டின் கூட்டுத்தொகை மொத்த எடையில் பாதிக்கு அருகில் வர வேண்டும். வராவிட்டால் இடப்பக்கம் ஒரு மாதிரியும் வலப்பக்கம் வேறு மாதிரியும் வண்டி திரும்பும். உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங் இருந்தால் ஒரு மூலையைச் சற்று உயர்த்தலாம். அப்போது அந்தச் சக்கரத்திலும் அதற்கு எதிர் மூலையிலும் சுமை கூடும், மற்ற இரண்டிலும் குறையும். நான்கு கால் நாற்காலியின் ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைப்பதும் இதே இயற்பியல்தான்.

வெளியே எடுத்துப் போகும் முன் பிரேக் திரவத்தை மாற்றியாக வேண்டும். டாட் 4 என்ற தர வகைத் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய திரவத்துக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச வரம்பு 155 டிகிரிதான். பந்தயத் தடத்தில் தொடர்ந்து பிரேக் அடித்தால் அந்த வெப்பம் எளிதில் வந்துவிடும். திரவம் கொதித்து ஆவியானால், ஆவி அமுங்கும், பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது.

பிறகு மூடிய தடத்தில் சில சுற்றுகள் ஓட்டி நிறுத்தியவுடன், டயரின் உள் விளிம்பு, நடு, வெளி விளிம்பு மூன்றிலும் வெப்பம் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வெளி விளிம்பு மிகச் சூடென்றால் நெகட்டிவ் கேம்பர் போதவில்லை. நடு மட்டும் சூடென்றால் காற்று அதிகம். அடுத்து எந்த போல்ட்டைத் திருப்புவது என்பதை அந்த மூன்று எண்களைப் பார்த்து முடிவு செய்யலாம்.