சத்தம் போடாத 520 குதிரைகள்

ஜெர்மனியில் பெரிய சொகுசு கார் ஆர்டர் செய்பவர்கள் நிரப்பும் விருப்பப் பட்டியலில் விசித்திரமான ஒரு வரி உண்டு: பின்புறம் ஒட்டும் மாடல் பெயர் வேண்டாம். 1 லட்சம் யூரோவுக்கு மேல் கொடுத்து, இருப்பதிலேயே வேகமான வகையை வாங்கிவிட்டு, அது என்ன கார் என்று யாருக்கும் தெரியக் கூடாது என்று டிக் அடிக்கும் ஆட்களும் இருக்கிறார்கள்.

ஜெர்மனியின் ஆடி நிறுவனத்தின் எஸ்8 அந்த ஆட்களுக்காகவே செய்த கார். அதே நிறுவனத்தின் ஏ8 சொகுசு காரின் வேகமான வகை இது. முதல் எஸ்8 1996இல் வந்தது. நான் பேசப்போவது 2012இல் சாலைக்கு வந்த மூன்றாம் தலைமுறையைப் பற்றி. தூரத்தில் பார்த்தால் ஏதோ கம்பெனி மேலாளரின் ஏ8 போலத்தான் தெரியும். அலுமினிய நிறத்தில் பக்கக் கண்ணாடி உறைகள், பின்னால் நான்கு புகைக்குழாய் வாய்கள், அவ்வளவுதான் வித்தியாசம். உள்ளே இருப்பதோ 4 லிட்டர் வி8 எஞ்சின் (வி வடிவில் இரு வரிசையாக எட்டு சிலிண்டர்), இரண்டு டர்போ (எஞ்சின் புகையால் சுழன்று காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் விசிறி), 520 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 4.2 விநாடி.

அந்த 4.2ஐக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிட்டத்தட்ட 2 டன் எடையுள்ள பொருள் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 770 கிலோஜூல். 4.2ஆல் வகுத்தால் சராசரியாக 180 கிலோவாட் சொச்சம், அதாவது 250 குதிரைத்திறன். மீதி 270 எங்கே போச்சு? கிளம்பும் நொடியில் எஞ்சின் முழுச் சுற்றுக்கு வந்திருக்காது. வந்தாலும், டயருக்கும் தரைக்கும் உள்ள பிடி ஓரளவுக்குத்தான் தாங்கும். இங்கே சராசரி முடுக்கமே புவியீர்ப்பில் மூன்றில் இரண்டு பங்கு. பின்சக்கரம் இரண்டை மட்டும் நம்பி இதைத் தரையில் இறக்குவது கஷ்டம். அதனால்தான் நான்கு சக்கர இயக்கம். வழக்கமாக முறுக்குவிசையில் 40 சதவீதம் முன்னே, 60 சதவீதம் பின்னே போகும். ஒரு பக்கம் பிடி விட்டால் மறுபக்கத்துக்குக் கூடும்.

ஆனால் எனக்கு இந்தக் காரில் பிடித்த எண் 520 அல்ல, 20. சமதளச் சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போக, காற்றின் எதிர்ப்பையும் டயர் உருளும் எதிர்ப்பையும் சமாளிக்கத் தேவைப்படுவது ஏறக்குறைய 20 குதிரைத்திறன்தான். மற்ற 500ம் சும்மா உட்கார்ந்திருக்கும். சும்மா இருந்தாலும் பரவாயில்லை, தண்டச் செலவு வைக்கும். பெட்ரோல் எஞ்சினைக் குறைந்த சக்தியில் ஓட்ட, காற்று நுழையும் வழியை த்ராட்டில் மூடி அடைக்க வேண்டும். மெல்லிய குழலில் கெட்டியான பானத்தை உறிஞ்சுவது மாதிரி எட்டு சிலிண்டரும் மூச்சுத் திணறி இழுக்கும். அந்தத் திணறலுக்கே எரிபொருள் செலவாகும்.

அதனால் எட்டில் நான்கைத் தூங்க வைத்தார்கள். வால்வுகளை மேடுகளால் அழுத்தித் திறக்கும் தண்டுதான் கேம்ஷாஃப்ட். அதன் மேல் சறுக்கும் சிறு உறைகள் இருக்கின்றன. உறையைச் சுற்றிச் சுருள் மாதிரி ஒரு பள்ளம். மின்காந்தம் ஒரு முள்ளை அந்தப் பள்ளத்தில் இறக்கும். தண்டு சுழலச் சுழல உறை சில மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகரும். வால்வுக்கு மேலே இதுவரை இருந்த மேடு விலகி, மேடே இல்லாத வட்டம் வந்து நிற்கும். வால்வு திறக்காது. உள்ளே அடைபட்ட வாயு அமுங்கி விரிந்து ஸ்பிரிங் போல வேலை செய்யும். மற்ற நான்கு சிலிண்டரும் கூடுதல் சுமையோடு, அதற்காக த்ராட்டில் அகலத் திறப்பதால் தாராளமாக மூச்சுவிட்டு ஓடும். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கண் இமைப்பதற்குள் எட்டும் திரும்ப வந்துவிடும்.

சரி, சிக்கல் இங்கேதான் ஆரம்பம். நிமிடத்துக்கு 1,500 சுற்றில் வி8 எஞ்சின் நொடிக்கு 100 முறை வெடிக்கும். காதுக்கு இதமான உறுமல். பாதி சிலிண்டர் தூங்கினால் அது நொடிக்கு 50. அடித் தொண்டையில் கனைப்பது போன்ற ஹூங்காரம் அறைக்குள் வந்து தேங்கும். சொகுசு காரில் இதை யார் பொறுத்துக்கொள்வார்கள்?

கூரைத் துணிக்குள் நான்கு மைக்குகள் ஒளிந்திருக்கின்றன. அவை கேட்பதை ஒரு கணினி ஆராய்ந்து, அந்த ஒலி அலை மேலே ஏறும்போது கீழே இறங்கும் எதிர் அலையை ஸ்பீக்கர்கள் வழியாக அனுப்பும். இரண்டும் சேர்ந்தால் கழிந்துவிடும். பாட்டு ஓடாவிட்டாலும் இந்த வேலை நடக்கும். தாழ்ந்த ஒலிக்குத்தான் இது கச்சிதம். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர், காரே அவ்வளவு நீளமில்லை. ஆகவே யார் எந்த இருக்கையில் இருந்தாலும் எதிர் அலை ஓரளவு பொருந்தும். 1,000 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 34 சென்டிமீட்டர். தலையைத் திருப்பினாலே கணக்கு தப்பும். கீச்சு ஒலிகளைத் தடுக்கும் வேலையை இரட்டைக் கண்ணாடியும் ரப்பர் பட்டையும் பார்த்துக்கொள்ளும்.

காது கேட்காததை முதுகு உணருமே! எஞ்சினைத் தாங்கும் மவுண்டுகளுக்குள்ளும் இதே சூத்திரம். உள்ளே ஒரு சுருள், எஞ்சின் நடுங்கும் தாளத்துக்கு நேர் எதிராகத் திரவத்தைத் தள்ளும். நடுக்கம் உடற்சட்டத்துக்கு வந்து சேராது.

டர்போக்களை வழக்கம்போல் எஞ்சினின் வெளிப்பக்கங்களில் தொங்கவிடாமல் வி வடிவத்தின் நடுப்பள்ளத்தில் வைத்திருக்கிறார்கள். புகை வரும் தூரம் குறைவு, டர்போ சட்டென்று சுழலும், இடமும் மிச்சம். ஆனால் அது அடுப்புக்குள் அடுப்பு. விரட்டி ஓட்டிவிட்டு உடனே அணைத்தால் டர்போவில் நிற்கும் எண்ணெய் கரிந்து படியலாம். எண்ணெய் மாற்றும் தவணையைத் தள்ளிப்போடுவது இந்த வகை எஞ்சினில் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது.

வாங்கியவரின் செலவும் இயற்பியலைத்தான் பின்தொடரும். 100இலிருந்து நிறுத்துவதைவிட 250இலிருந்து நிறுத்த பிரேக் 6.25 மடங்கு ஆற்றலை வெப்பமாக்க வேண்டும். ஏர் சஸ்பென்ஷனின் ரப்பர் பைகள் வயதானால் காற்று கசியும், காலையில் பார்த்தால் கார் ஒரு மூலையில் சாய்ந்து நிற்கும். உடற்சட்டத்தில் பெரும்பகுதி அலுமினியம். இரும்புத் துகள் ஒட்டினால் அரிப்பு என்பதால், அதற்கெனத் தனிக் கருவி வைத்திருக்கும் பட்டறைக்குத்தான் போக வேண்டும். இவ்வளவு பெரிய கார்கள் சில வருடங்களில் பாதி விலைக்கும் கீழே இறங்கிவிடும். இரண்டாம் கை வாங்குபவர் அந்த விலையைப் பார்த்து மயங்குவார். உதிரிபாகத்தின் விலை மட்டும் புதுக் காருக்கு உரியதாகவே இருக்கும்.

அப்புறம், பழைய காரை வாங்கிக் கூரைத் துணியை மாற்றுபவர்களுக்கு ஒன்று. மைக் ஒன்றின் இணைப்பு விட்டுப்போனால், மிதமான வேகத்தில் அடித் தொண்டைக் கனைப்பு கேட்க ஆரம்பிக்கலாம். புகைக்குழாயில் ஓட்டை என்று தேடிக்கொண்டு காருக்கு அடியில் படுக்காதீர்கள். அந்தச் சத்தம் முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருக்கிறது.