பொருண்மை நிறமாலையியல்

மலாயில் ‘ஸ்பெக்ட்ரோமெட்ரி ஜிசிம்’, ஆங்கிலத்தில் ‘மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி’. பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இவ்விரண்டும் தண்ணீர் பட்ட பாடு. “ஆய்வுக்கூடத்தில் என்னதான் செய்கிறாய்?” என்று வீட்டில் பாட்டி கேட்கும்போதுதான் சொல் கிடைக்காமல் தவிக்கிறார்கள். தமிழில் அதற்குச் சொல் உண்டு: பொருண்மை நிறமாலையியல்.

‘ஸ்பெக்ட்ரம்’ இலத்தீன் சொல், பொருள் ‘தோற்றம்’. முப்பட்டகத்தில் பிரிந்த வண்ண வரிசையை 1672-இல் நியூட்டன் அப்படி அழைத்தார். நம் ‘நிறமாலை’ அந்தப் பொருளில் எழுந்தது. மலாயின் ‘ஜிசிம்’ அரபு மொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்கு ‘உடல்’ என்று பொருள்.

மூலக்கூறுகளின் பொருண்மையை அளக்கும் இக்கருவியில் நிறம் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மின்னூட்டம் பெற்ற மூலக்கூறுகள் பொருண்மைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதப்படி இங்கே பிரிகின்றன. 1919-இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஆஸ்டன் அவற்றை ஒளிப்படத் தகட்டில் கோடுகளாக விழச் செய்தார். ஒளியின் நிறமாலைக் கோடுகளைப் போலவே அவை தெரிந்ததால் பெயர் நிலைத்தது.

‘மாஸ்’ என்பதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘நிறை’ என்கின்றன, இலங்கையில் ‘திணிவு’. எனக்குப் ‘பொருண்மை’யே உகந்தது. நம் தமிழ்ப்பள்ளிக் கணிதத்தில் பிள்ளைகள் கற்ற சொல் அது. ‘நிறை’யைப் போல எடையோடு குழம்பாது.

புற்றுநோய் மருந்து டிஎன்ஏவைப் பற்றும் விதத்தை இம்முறை அழகாகக் காட்டுகிறது. சிஸ்பிளாட்டின் என்ற பிளாட்டின மருந்து தன் இரு குளோரின்களையும் இழந்து, பெரும்பாலும் டிஎன்ஏவின் காரங்களில் ஒன்றான குவானின் அடுத்தடுத்து வரும் இடத்தில் அவ்விரண்டையும் பிணைக்கிறது. டிஎன்ஏவில் ஏறும் பிளாட்டினமும் இரண்டு அம்மோனியாவும் சேர்ந்து ஏறத்தாழ 229 அணுப் பொருண்மை அலகு. டிஎன்ஏவின் பொருண்மை எவ்வளவு கூடியது என்று பார்த்தால், எத்தனை மருந்து மூலக்கூறுகள் ஏறின என்பது தெரிந்துவிடும். பிளாட்டினத்துக்கு 194, 195, 196 எனப் பல ஓரிடத்தான்கள் (பொருண்மை மட்டும் வேறுபடும் அணுவகைகள்) இருப்பதால், படத்தில் அதன் முகடுகள் கூட்டமாக வந்து தம்மைக் காட்டிக்கொடுக்கும்.

மற்றொரு புற்றுநோய் மருந்தான டாக்சோரூபிசினின் வழி வேறு. வேதிப்பிணைப்பு இன்றியே டிஎன்ஏ ஏணியின் படிகளான காரஇணைகளின் நடுவே அது நுழைந்துவிடுகிறது. பழஞ்சுவடியில் பிற்காலத்தார் பாடல் நுழைத்ததைச் சொல்லும் ‘இடைச்செருகல்’ இதற்கும் கச்சிதமாகப் பொருந்தும். இத்தகைய மென்மையான பற்று கலையாமல் அளக்க உதவுவது, கரைசலை மின்னழுத்தத்தால் மின்னூட்டமுள்ள நுண்துளிகளாகத் தெளிக்கும் மின்தெளிப்பு முறை. உயிர்மூலக்கூறுகளுக்கு அதை வளர்த்தெடுத்த அமெரிக்க வேதியியலாளர் ஃபென் 2002-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கருவி: பொருண்மை நிறமாலைமானி. அது வரையும் படம்: பொருண்மை நிறமாலை. பாட்டிக்கு: “மருந்து ஏறிய டிஎன்ஏவைப் பொருண்மை நிறமாலைமானியில் எடை பார்க்கிறேன், பாட்டி.”