கணக்கெடுக்க வரும் நாளில் வீட்டைப் பூட்டாதீர்கள்

குடிசை மாற்று வாரியம் 1970-ல் தொடங்கியது. 2021-ல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. சென்னையில் இன்னும் ஹவுசிங் போர்டு என்றுதான் சொல்கிறார்கள். ஏழைக் குடும்பத்துக்கு அங்கிருந்து வீடு வரும் வழி பெரும்பாலும் இரண்டு. ஆற்றங்கரை, சாலையோரக் குடிசைகளை எடுத்துவிட்டு பெரும்பாக்கம், கண்ணகி நகர் மாதிரி தூர இடங்களுக்கு அனுப்புவது ஒன்று. வாரியத்தின் பழைய அடுக்குமாடியை இடித்து அதே இடத்தில் புதிதாகக் கட்டித் தருவது இன்னொன்று. வரலாறு இவ்வளவு போதும்.

இரண்டிலும் உங்கள் தலையெழுத்து ஒரே நாளில் முடிவாகிறது, எந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று அதிகாரிகள் வீடு வீடாக வந்து எழுதும் கணக்கெடுப்பு நாள் அது. அதில் பெயர் ஏறினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஏறாவிட்டால் முப்பது வருடம் அங்கேயே குடியிருந்தாலும் நீங்கள் அங்கே இல்லை.

கணக்கெடுக்க வருவது பகல் பதினொரு மணிக்கு. வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணும் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற ஆணும் அந்த நேரத்தில் வீட்டில் எப்படி இருப்பார்கள்? கதவு பூட்டியிருந்தால் ‘பூட்டிய வீடு’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த ஒரு வரியை அழிக்க ஆறு மாதம் நடந்தவர்களை எனக்குத் தெரியும். அதனால் தேதி காதில் விழுந்ததும் ஒருநாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று இருந்துவிடுங்கள். முடியாவிட்டால் ரேஷன் கார்டில் பெயர் உள்ள பெரியவர் ஒருவராவது அசல் காகிதங்களோடு வீட்டில் இருக்க வேண்டும். விரல் ரேகை எடுத்தால் அந்தப் பதிவு எண்ணை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், தரமாட்டேன் என்றால் அவர்கள் எழுதிய தாளை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பொறி ஒரே கூரைக்குள் இரண்டு குடும்பம். மகனுக்குக் கல்யாணமாகி, குழந்தையும் பிறந்து, தடுப்புக்கு அந்தப் பக்கம் தனியாகச் சமைக்கிறான். கணக்கில் இரண்டும் ஒரே குடும்பம், ஒரே வீடு. ஏழு பேரும் முப்பது சதுர மீட்டருக்குள் போய் அடைய வேண்டியதுதான். தனி ரேஷன் கார்டை கணக்கெடுப்புக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும். தனிச் சமையல் இருக்கிறதா என்று பார்க்க ஆள் வருவார்கள். அடுப்பு, சிலிண்டர் புத்தகம் இரண்டையும் காட்டுங்கள். கணக்கெடுப்பு முடிந்த பிறகு வாங்கிய கார்டை ‘வீட்டுக்காக வாங்கியது’ என்று தள்ளிவிடுவார்கள்.

குடிசையில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. வேறு ஊரில் இருக்கும் ‘ஓனர்’ அன்றைக்கு மட்டும் வந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்வார். அந்த முகவரிக்கு வாக்காளர் அட்டை, ஆதார், பிள்ளையின் பள்ளிச் சான்று இருந்தால்தான் நீங்கள் வாய் திறக்க முடியும்.

தெருவாகச் சேர்ந்தால்தான் இதையெல்லாம் சமாளிக்க முடியும். கூவம் ஓரத்தில் ஒரு தெருப் பெண்கள் செய்ததைச் சொல்கிறேன். அதிகாரிகள் வருவதற்கு முன்பே ஒரு நாற்பது பக்க நோட்டில் தாங்களே கணக்கெடுத்தார்கள். கதவு எண், குடும்பத் தலைவி பெயர், ரேஷன் கார்டு எண், எத்தனை அடுப்பு, பகலில் யார் இருப்பார்கள், யார் இருக்கமாட்டார்கள். அதை நகலெடுத்து மனுவோடு இணைத்து அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கிவைத்தார்கள். பிறகு பட்டியலில் விடுபட்டவர்களுக்காகப் பேசும்போது கையில் தேதியிட்ட காகிதம் இருந்தது. அதே அலுவலகத்தில் தனியாகப் போனவர்களுக்குக் கிடைத்தது ‘நாளைக்கு வாங்கம்மா’.

தகுதி விஷயத்தில் அதிகம் ஏமாற்றுவது ‘சொந்த வீடு’ கேள்வி. பிரதமர் வீட்டு வசதித் திட்டப் பணம் கலந்த வீடுகளுக்கு, குடும்பத்தில் யார் பெயரிலும் இந்தியாவில் எங்கேயும் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது. குடும்பம் என்றால் கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகள், அவ்வளவுதான். ஊரில் அப்பா பெயரில் உள்ள வீடு உங்கள் வீடு ஆகாது. ‘ஊர்ல வீடு இருக்கா?’ என்று கவுண்டரில் பொதுவாகக் கேட்பார்கள், நீங்களும் அப்பாவியாக ‘இருக்கு சார்’ என்பீர்கள், பேனா அங்கேயே நின்றுவிடும். ‘என் பேர்ல இல்ல, என் வீட்டுக்காரர் பேர்லயும் இல்ல’ என்று முழுசாகச் சொல்லுங்கள். உங்கள் பெயரிலேயே இருந்தால் மறைக்காதீர்கள். உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்து போடுவது நீங்கள்தான்.

வருமான வரம்பு ஆண்டுக்கு 3 லட்சம். சான்று இ-சேவையில் வாங்குங்கள், ஆனால் அவசரப்பட்டு வாங்காதீர்கள். ஓராண்டில் காலாவதியாகிவிடும். பட்டியல் நகர்வது ஆமை வேகம், சான்று காலாவதியாவது குதிரை வேகம். பெயரில் இனிஷியல் ஆதாரில் ஒருமாதிரி, ரேஷன் கார்டில் ஒருமாதிரி இருந்தால் இன்றைக்கே திருத்துங்கள். ‘எஸ்’ஸா ‘சு’வா என்று மூன்று மாதம் அலையவிட்ட கதையெல்லாம் உண்டு.

பழைய அடுக்குமாடிவாசிகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. மறுகட்டுமானம் என்று சொல்லிக் காலி செய்யச் சொல்வார்கள். வெளியே தங்குவதற்குக் கொடுக்கும் தொகை 24,000 ரூபாய். முன்பு 8,000 இருந்ததை உயர்த்தினார்கள். சென்னையில் ஒற்றை அறைக்கே மாதம் ஐந்தாயிரம். கணக்கு போட்டால் ஐந்து மாதம்கூட வராது, கட்டடமோ வருடக்கணக்கில் எழும். அதைவிட மோசமான சிக்கல் பழைய ஒதுக்கீடு யார் பெயரில் இருக்கிறது என்பது. முதலில் ஒதுக்கீடு பெற்றவர் இறந்திருப்பார், அல்லது இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதி வாங்கியிருப்பீர்கள். இறந்தவர் என்றால் வாரிசுச் சான்றை இப்போதே எடுங்கள். எழுதி வாங்கியவர்கள் வாடகை கட்டிய ரசீது, மின் இணைப்பு அட்டை, குடியிருப்பு ஆதாரம் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, இடிப்பதற்கு முன்பே முறைப்படுத்தக் கேட்டு மனு கொடுங்கள். இடித்த பிறகு உங்கள் கதவே இருக்காது, கதவு எண்ணைப் பற்றி யாரிடம் பேசுவீர்கள்? பழைய வீட்டு எண் எழுதிய டோக்கன் கைக்கு வராமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்காக நீங்கள் கட்ட வேண்டிய பங்களிப்புத் தொகை திட்டத்துக்குத் திட்டம் மாறும், சில இடங்களில் லட்சத்தைத் தாண்டும். எவ்வளவானாலும் வாரியத்தின் கணக்கில், வங்கி வழியாக மட்டும். ‘உள்ளே ஆள் இருக்கான், ஐம்பதாயிரம் கொடு, முதல் மாடி’ என்று வருபவர் எந்தக் கட்சிக் கரை வேட்டி கட்டியிருந்தாலும் புரோக்கர்தான். யாருக்கு எந்த மாடி என்பது குலுக்கலில்தான் முடிவாகிறது. மாற்றுத்திறனாளியோ படியேற முடியாத முதியவரோ வீட்டில் இருந்தால் குலுக்கலுக்கு முன்பே அட்டை நகலோடு தரைத்தளம் கேட்டு எழுதிக் கொடுங்கள். லிஃப்ட் இருக்கிறதே என்பார்கள். லிஃப்ட் ஓடாத நாள்களை அங்கே குடியிருப்பவர்களிடம் விசாரியுங்கள்.

ஒதுக்கீட்டு ஆணை என்பது கிரயப் பத்திரம் அல்ல. அதை வைத்து விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. முடியும் என்று சொல்லி வாங்க வருபவர் நாளைக்கு உங்களைத்தான் மாட்டிவிடுவார்.

தூர இடத்துக்கு அனுப்பினால் படிப்பாண்டு நடுவில் போகச் சம்மதிக்காதீர்கள், தேதியைத் தள்ளக் கேட்டுத் தெருவோடு மனு கொடுங்கள். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒரு முதியவர் தீக்குளித்து இறந்தார். அதற்குப் பிறகுதான், இடத்தைக் காலி செய்யும் முன் மக்களிடம் கருத்துக் கேட்கப்படும் என்று சட்டப்பேரவையில் முதல்வர் அறிவித்தார். அந்தக் கருத்துக் கேட்பு உங்கள் தெருவில் நடந்ததா, எந்தத் தேதியில், யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று கேளுங்கள்.

வாயால் கேட்டால் பதில் வராது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுங்கள், முதல்வர் உதவி மைய எண் 1100-க்கு போன் செய்து பதிவு எண் வாங்குங்கள். பட்டியல் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. தகவல் கேட்கும் மனுவில் ‘ஏன் எனக்கு வீடு இல்லை’ என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் சொல்லும் கடமை அவர்களுக்கு இல்லை. ‘இன்ன தேதியில் இன்ன தெருவில் எடுத்த கணக்கெடுப்புப் பட்டியலின் நகல், கதவு எண் இத்தனைக்கு எதிரே எழுதப்பட்ட குறிப்பு’ என்று கேளுங்கள். தபால் ரசீதை ரேஷன் கார்டு இருக்கிற உறையிலேயே வையுங்கள்.