பிரேக்கை மிதித்த பிறகும் வண்டி ஓடும் தூரம்

காட்பாடி, சத்துவாச்சாரி பக்கங்களிலிருந்து எங்களிடம் கார் ஓட்டப் பழக வருபவர்கள் கிளட்சையும் கியரையும் விரைவிலேயே கைவசப்படுத்திவிடுகிறார்கள். ஆனால், வேகம் இரண்டு மடங்கானால் வண்டி நிற்கும் தூரமும் இரண்டு மடங்குதான் ஆகும் என்ற எண்ணம் மட்டும் அவர்களை விட்டு எளிதில் அகலுவதில்லை. பொறியியல் படித்தவர்களும் இதற்கு விலக்கல்லர்.

ஒரு விநாடியில் திசைவேகம் எவ்வளவு மாறுகிறது என்பதே முடுக்கம். பிரேக்கை மிதிக்கும்போதும் முடுக்கம் உண்டு. அது வண்டி செல்லும் திசைக்கு எதிராக இருக்கும், அவ்வளவுதான். மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 10 மீட்டர். பிரேக் ஒவ்வொரு விநாடியிலும் விநாடிக்கு 5 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைப்பதாகக் கொண்டால், வண்டி 2 விநாடியில் நிற்கும். 72 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க 4 விநாடி ஆகும். காலம் இரட்டிப்பாகிறது, சரி. ஆனால், அந்தக் காலம் முழுவதும் வண்டியின் சராசரி வேகமும் இரட்டிப்பாக இருப்பதால், முதல் வண்டி 10 மீட்டரிலும் இரண்டாவது வண்டி 40 மீட்டரிலும் நிற்கின்றன.

இதனுடன், ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கை அழுத்துவதற்குள் கழியும் நேரத்தையும் சேர்க்க வேண்டும். அதை 1 விநாடி என்று கொள்வோம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், சர்வீஸ் ரோட்டிலிருந்து ஒரு மொபெட் திடீரென்று குறுக்கே வருகிறது; இடைவெளி 60 மீட்டருக்குச் சற்றே அதிகம். 72 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் யோசிப்பதில் 20 மீட்டரையும் பிரேக்கில் 40 மீட்டரையும் செலவிட்டு, மயிரிழையில் நின்றுவிடுகிறார். 90 கிலோமீட்டர் வேகத்தில் வருபவருக்கோ அந்த ஒரு விநாடியிலேயே 25 மீட்டர் போய்விடுகிறது. எஞ்சிய 35 மீட்டரில் பிரேக்கை முழுதாக மிதித்தும், மொபெட்டை நெருங்கும்போது அவருடைய வண்டி ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். புறப்பாட்டில் வேறுபாடு 18 கிலோமீட்டர். மோதும் இடத்தில் 60. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போடும்போது வகுப்பில் சிலர் என்னை நம்பாமல் கைப்பேசியில் கணக்கிட்டுப் பார்ப்பதுண்டு, அப்படிப் பார்ப்பதையே நானும் விரும்புகிறேன்.

வேகமாகப் போவதால் மிச்சமாகும் காலத்தையும் நேர்மையாகக் கணக்கிடலாம். வேலூரிலிருந்து ஆம்பூர் வரை சுமார் 50 கிலோமீட்டர். வழியில் எந்தத் தடையும் இல்லாவிட்டாலும் 72-க்குப் பதில் 90-இல் சென்றால் மிச்சம் 8 நிமிடத்துக்குச் சற்று அதிகம். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் வரிசை நீண்டால் அதுவும் போயிற்று.

மழை நாளிலும், டயர் தேய்ந்திருக்கும்போதும் பிடிப்பு குறைவதால் எதிர் முடுக்கமும் குறையும். இறக்கத்தில் புவியீர்ப்பும் எதிராக வேலை செய்கிறது: நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் இறங்கும் சாலையில் அது விநாடிக்கு விநாடி ஏறக்குறைய 1 மீட்டர் வேகத்தைக் கூட்டுவதால், நமது பிரேக்கின் 5 என்பது 4 ஆகிவிடுகிறது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பிரேக்கையே தொடர்ந்து மிதித்து வந்தால், அது சூடேறி அந்த 4-உம் கிடைக்காமல் போகக்கூடும். ஆகவே ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ, இறங்கும்போதும் அதே கியரைப் போட்டு, வேகத்தை வளைவுக்குள் நுழைந்த பிறகு அல்லாமல் அதற்கு முன்பே குறைத்துக்கொள்ளுங்கள்.