படகு வாங்கும் கிரீன் கார்டுக்காரர்களே, 'அமெரிக்கக் குடிமகன்' என்ற கட்டத்தில் டிக் அடிக்கும் முன்

"கோஸ்ட் கார்டில் டாக்குமென்ட் செய்யணுமா, இல்லை மாநிலத்தில் ரிஜிஸ்டர் பண்ணினால் போதுமா?" ஃபுளோரிடாவில் படகு விற்பனைக்கான காகித வேலைகளைப் பார்க்கும் என்னிடம் நம் ஆட்கள் அடிக்கடி கேட்பது இது. கேட்பவர் பெரும்பாலும் ஐ.டி.யில் நல்ல வேலையில் இருப்பார். வீடு வாங்கியாயிற்று, இப்போது 30 அடி படகு ஒன்றின் மேல் கண். யார் யார் பெயரில் வாங்குகிறீர்கள், எல்லாரும் அமெரிக்கக் குடிமக்கள்தானா என்று நான் திருப்பிக் கேட்டால் பலர் விழிப்பார்கள்.

டாக்குமென்டேஷன் என்பது படகைக் கூட்டாட்சி அரசிடம் பதிவது. அது அமெரிக்கக் குடிமக்களின் படகுகளுக்கு மட்டும்தான். மேற்கு வர்ஜீனியாவில் இருக்கும், கோஸ்ட் கார்டின் (அமெரிக்கக் கடலோரக் காவல் படை) தேசியக் கப்பல் ஆவண மையம் இதை வழங்குகிறது. கிரீன் கார்டு இதற்குச் செல்லாது. எச்1பி பற்றிச் சொல்லவே வேண்டாம். இருவர் பெயரில் வாங்கினால் இருவருமே குடிமக்களாக இருக்க வேண்டும். ஒரு எல்எல்சி (சிறு நிறுவனம்) ஆரம்பித்து அதன் பெயரில் வாங்கிவிடலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். அந்த நிறுவனத்துக்குப் பின்னால் இருப்பவர்களின் குடியுரிமையையும்தான் பார்ப்பார்கள். மாநிலப் பதிவில் இந்த வம்பு கிடையாது.

ஒரு தம்பதி. கணவர் குடியுரிமை வாங்கிவிட்டார், மனைவிக்கு இன்னும் கிரீன் கார்டுதான். வங்கிக் கடன் என்பதால் டாக்குமென்டேஷன் கட்டாயம் என்றார்கள். விற்பனைத் தரப்பிலிருந்து வந்த சிஜி-1258 விண்ணப்பத்தில் இருவர் பெயரும் டைப் அடித்திருந்தது. குடியுரிமை உறுதிமொழியும் நிரப்பியாயிற்று. மஞ்சள் ஒட்டுத்தாள் வைத்த இடத்தில் கையெழுத்து மட்டும் பாக்கி. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. விற்பவர்களிடம் வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் இங்கேயே பிறந்தவர்கள், அந்தப் பழக்கத்தில் நிரப்பிவிட்டார்கள். ஆனால் கையெழுத்துப் போட இருந்தது அந்தம்மா. குடிமகன் அல்லாதவர் தன்னைக் குடிமகன் என்று பொய்யாகச் சொல்வதை அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் மிகக் கடுமையாகப் பார்க்கிறது. நாடு கடத்துவதற்கே அது காரணமாகலாம். ஒரு உல்லாசப் படகுக்காக அந்த வம்பில் போய் மாட்டலாமா? கணவர் பெயருக்கு மட்டும் மாற்றினோம், வங்கியும் ஒத்துக்கொண்டது. படகுக்கு மனைவி பெயரை வைத்து வீட்டில் சமாதானம் ஆனதாகக் கேள்வி.

வங்கி ஏன் இதில் பிடிவாதமாக இருக்கிறது? டாக்குமென்ட் செய்த படகின் மேல் அடமானத்தைக் கூட்டாட்சி அளவில் பதிவு செய்யலாம். படகு ஃபுளோரிடாவிலிருந்து மெய்னுக்குப் போனாலும் அது கூடவே போகும். தொகை சிறியதென்றால் மாநில டைட்டிலில் (உரிமைச் சான்று) கடனைக் குறித்துக்கொண்டு விட்டுவிடும் வங்கிகளும் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது அளவு. குறைந்தது 5 நெட் டன் இருக்க வேண்டும். இது எடை இல்லை, கொள்ளளவு. 100 கன அடி ஒரு டன். உள்ளே இன்ஜின் வைத்த மோட்டார் படகுக்கு நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் பெருக்கி, 0.67-ஆல் பெருக்கி, 100-ஆல் வகுத்தால் கிராஸ் டன். அதில் 80 சதவீதம் நெட். 26 அடி நீளம், 9 அடி அகலம், 5 அடி ஆழம் என்றால் 6-க்குச் சற்று மேல் வரும், தேறிவிடும். 22-க்கு 8-க்கு 4 என்றால் 4-ஐக்கூடத் தொடாது. அப்போது மாநிலம்தான் ஒரே வழி.

"கோஸ்ட் கார்ட் பேப்பர் இருந்தால் மாநிலத்துக்கு எதுவும் கட்ட வேண்டாம்" என்று மரினாவில் (படகுகள் நிறுத்தும் துறை) யாராவது சொல்லியிருப்பார்கள். தப்பு. ஃபுளோரிடாவில் பயன்படுத்தும் டாக்குமென்ட் படகையும் மாநிலத்தில் பதிய வேண்டும். விற்பனை வரி 6 சதவீதமும் உண்டு, அதற்கு 18,000 டாலர் உச்சவரம்பு. வித்தியாசம் என்னவென்றால், மாநில டைட்டில் கிடையாது, முன்பக்கம் எஃப்எல் எண் (மாநிலப் பதிவு எண்) எழுதக் கூடாது, ஸ்டிக்கர் மட்டும் ஒட்டலாம். வெளிப்புறத்தில் நன்றாகத் தெரியும் இடத்தில் பெயரும் ஊரும் குறைந்தது 4 அங்குல எழுத்தில் இருக்க வேண்டும். கோஸ்ட் கார்ட் தரும் அதிகாரபூர்வ எண்ணைப் படகின் உட்புறக் கட்டமைப்பில் 3 அங்குல எண்களில் நிரந்தரமாகப் பதிக்க வேண்டும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அப்புறம், கூடவே இழுத்துப் போகும் மோட்டார் வைத்த டிங்கிக்கு (சின்னப் படகு) தனியாக மாநிலப் பதிவு எடுங்கள், பெரிய படகின் ஆவணம் அதற்குப் பொருந்தாது.

என் கருத்து: ரொக்கமாக வாங்கி, கரையோரம் மீன் பிடித்து, எப்போதாவது பஹாமாஸ் போய்வருபவருக்கு மாநிலப் பதிவே போதும். கரீபியனில் தீவு தீவாகச் சுற்றுபவர்களுக்கு டாக்குமென்ட் கையில் இருந்தால் வெளிநாட்டுத் துறைமுகங்களில் பேச்சு குறையும்.

டாக்குமென்ட் எடுத்தவர்களின் விவரம் பொதுப்பதிவு. அதனால் தனியார் கம்பெனிகளிடமிருந்து கழுகு முத்திரை போட்ட "புதுப்பிப்பு அறிவிப்பு" வரும். உங்கள் படகின் பெயரும் எண்ணும் அதில் அச்சு அசலாக இருக்கும், தொகை மட்டும் பல மடங்கு. உண்மைக் கட்டணம் ஆண்டுக்கு 26 டாலர். ஐந்து ஆண்டு வரை சேர்த்துக் கட்டலாம். கோஸ்ட் கார்டின் இணையதள முகவரி டாட் மில் என்று முடியும். டாட் காம், டாட் யுஎஸ் என்று வருகிறதா, குப்பையில் போடுங்கள்.

பழைய படகு வாங்குகிறவர்கள் 25 டாலர் கட்டி ஆவண மையத்திடம் அதன் உரிமைச் சுருக்கத்தை எடுத்துப் பாருங்கள். தீர்க்காத அடமானம் இருந்தால் அதில் தெரியும். ஆனால் பழுது பார்த்த பட்டறையின் பாக்கி போன்றவை எங்கும் பதியாமலே படகோடு ஒட்டிக்கொண்டு வரலாம். எனவே பட்டறையிலும் மரினாவிலும் ஒரு போன் போட்டு பாக்கி இல்லை என்று எழுதி வாங்குங்கள். வாங்கிய பிறகு மாநிலப் பதிவோடு நிறுத்திக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், படகைக் கூட்டாட்சிப் பதிவிலிருந்து நீக்கியதற்கான கடிதத்தையும் கேளுங்கள். அது கையில் வரும் வரை விற்றவரிடம் முழுப் பணத்தையும் தந்துவிடாதீர்கள்.