சஸ்டைனபிலிட்டி: நிலைத்தன்மையா, வளங்குன்றாமையா?

ஒரு பல்கலைக்கழக அழைப்பிதழின் தமிழைச் சரிபார்த்துத் தரும்படி நண்பர் அனுப்பியிருந்தார். ‘வளாக நிலைத்தன்மை முன்முயற்சி துவக்க விழா’ என்று இருந்தது. கட்டடம் ஏதோ ஆட்டம் கண்டிருக்கிறது, முட்டுக் கொடுக்கப் போகிறார்கள் போல என்றுதான் முதலில் நினைத்தேன். உள்ளே படித்தால் மழைநீர் சேமிப்பு, மொட்டைமாடியில் சூரிய மின்தகடு, விடுதிச் சாப்பாட்டு மிச்சத்தை உரமாக்குவது என்று நல்ல திட்டம். தலைப்புதான் காலை வாரிவிட்டது.

‘ஸ்டெபிலிட்டி’க்கும் நிலைத்தன்மை, ‘சஸ்டைனபிலிட்டி’க்கும் நிலைத்தன்மை என்றால் குழப்பம் வரத்தான் செய்யும். இரண்டும் வேறு. முன்னது ஆடாமல் நிற்பது, பின்னது வளம் தீர்ந்துபோகாமல் தொடர்வது.

இலத்தீனில் ‘சப்’ என்றால் கீழே, ‘தெனேரே’ என்றால் பிடித்தல். கீழிருந்து தாங்கிப் பிடிப்பது ‘சஸ்தினேரே’. ‘சஸ்டைன்’ அதிலிருந்து வந்தது. ஆனால் இன்று நாம் புழங்கும் பொருளுக்கு வேர் ஜெர்மனியின் காடுகளில் இருக்கிறது. சாக்சனி நாட்டின் ஃப்ரைபெர்க் வெள்ளிச் சுரங்கங்களுக்குப் பேர்போன ஊர். உலை எரிக்க, சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்க என்று எல்லாவற்றுக்கும் மரம் வேண்டும். வெட்டி வெட்டிச் சுற்றுவட்டக் காடு தீர்ந்துகொண்டே வந்தது. அங்கே சுரங்க நிர்வாகத்தில் இருந்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ் 1713-இல் காடு வளர்ப்பு பற்றி ஒரு நூல் எழுதினார். காடு வளர்ந்து ஈடுகட்டும் அளவுக்கு மட்டுமே வெட்ட வேண்டும் என்பது அவர் வாதம். அப்படிப்பட்ட பயன்பாட்டைக் குறிக்க அவர் ஆண்ட சொல்லிலிருந்துதான் ‘நாஹ்ஹால்டிக்கைட்’ என்ற ஜெர்மன் சொல் வளர்ந்தது. ஆங்கிலத்தில் வனத்துறையினர் அந்தக் கருத்தை ‘சஸ்டெயின்ட் யீல்ட்’, அதாவது தொடர்ந்து குறையாமல் கிடைக்கும் விளைச்சல் என்றார்கள்.

சொல் உலகறிந்தது 1987-இல். நோர்வே பிரதமர் க்ரோ ஹார்லெம் ப்ருண்ட்லாண்ட் தலைமையிலான ஐ.நா. ஆணையம், நாளைய தலைமுறை தன் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் திறனைக் கெடுக்காமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றும் வளர்ச்சி என்று ‘சஸ்டைனபிள் டெவலப்மென்ட்’டுக்கு வரையறை தந்தது. பல்கலைக்கழகங்களுக்குள் அது நுழைந்ததற்கு ஒரு முக்கியமான வாசல் 1990-இன் தல்வார் அறிக்கை. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் பிரான்சின் தல்வார் என்ற ஊரில் ஒரு மையம் உண்டு. அங்கே கூடிய பல்கலைக்கழகத் தலைவர்கள், பாடத்தில் மட்டும் அல்ல, வளாக நடைமுறையிலும் இதைக் கொண்டுவருவோம் என்று பத்து அம்சத் திட்டம் ஒன்றில் கையெழுத்திட்டார்கள்.

சரி, தமிழுக்கு வருவோம். ‘நிலையான’, ‘நீடித்த’, ‘நிலைபேறான’, ‘பேண்தகு’ எல்லாமே புழக்கத்தில் இருக்கின்றன. நிலைபேறு, பேண்தகு இரண்டையும் இலங்கையில் நிறையக் காணலாம். பேண் என்ற வினை அழகானது. ஆனால் பேண்தகு என்றால் பேணத் தக்கது. பேணத் தக்கது வேறு, தீராமல் தொடரக்கூடியது வேறு. ‘நீடித்த’ என்பது காலத்தை மட்டும் சொல்கிறது. சண்டைகூட நீடிக்கும்.

என் ஓட்டு ‘வளங்குன்றா’ என்பதற்கு. எது குறையக்கூடாது என்பதைச் சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது. வளம் குன்றுகிறதா இல்லையா என்பதைக் கிணற்று நீர்மட்டம் இறங்குகிறதா என்று பார்த்தே சொல்லிவிடலாம். திருக்குறளில் ‘தள்ளா விளையுள்’ என்று ஒரு தொடர் வருகிறது (731). பரிமேலழகர் அதற்குக் ‘குன்றாத விளையுள்’ என்றே உரை சொல்கிறார். வனத்துறையின் ‘சஸ்டெயின்ட் யீல்ட்’டுக்கு இதைவிட நெருக்கமான தமிழ் கிடைக்குமா? வள்ளுவர் அன்றே சூழலியல் பேசினார் என்று கிளம்ப வேண்டாம், அங்கே பேச்சு நாட்டின் இலக்கணம் பற்றி. சொல் கையில் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

அழைப்பிதழின் மற்றச் சொற்கள் எளிது. ‘கேம்பஸ்’ இலத்தீனில் திறந்த வயல். நம் வளாகமோ வளைக்கப்பட்ட, சூழப்பட்ட இடம். ‘தெண்கடல் வளாகம்’ என்று புறநானூறு (189) உலகத்தையே சொல்கிறது. ‘இனிஷியேட்டிவ்’வுக்கு முன்முயற்சி, முன்னெடுப்பு இரண்டும் சரி, எனக்குப் பின்னது பிடிக்கும். மேலிடத்து உத்தரவுப்படி நடப்பதென்றால் ‘திட்டம்’ என்பதே நேர்மை. துவக்கத்தை விடத் தொடக்கம் மேல். இலங்கையில் துவக்கு என்றால் துப்பாக்கி. முதலில் ஒரு விடுதியில் மட்டும் செய்து பார்க்கப் போகிறார்கள் என்றால், தேருக்கும் கப்பலுக்கும் சொல்லும் ‘வெள்ளோட்டம்’ இருக்கிறது.

நண்பருக்கு ‘வளங்குன்றா வளாகம்: முன்னெடுப்புத் தொடக்க விழா’ என்று திருத்தி அனுப்பினேன். பெயர்ச்சொல்லாக வேண்டுமென்றால் வளங்குன்றாமை. அப்புறம், ‘வளங்குன்றாப் பயன்பாடு’ என்று எழுதும்போது அந்த ‘ப்’ கட்டாயம் வேண்டும். அச்சகத்தில் அதை விட்டுவிடுவார்கள், ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.